வெள்ளை பூத்த இறக்கையும் துருப்பிடிக்காத அலுமினியமும்

வாசகர் கேள்வி – பதில்: மாதிரி விமானப் பக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயிண்ட் பற்றியவை. கிட்டில் (பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விமானத் தொகுப்பு) உள்ள பாகங்களை ஒட்டும் வரை எல்லாம் சரியாகப் போகிறது, நிறம் பூசத் தொடங்கியதும் தொல்லை தொடங்குகிறது என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். சாரல் காலக் கடிதம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அண்ணாச்சி, 1/72 அளவு (அசல் நீளத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலுக்கு நிறம் பூசி, சின்னங்கள் எல்லாம் ஒட்டி, கடைசியாக மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிஷத்தில் இறக்கை முழுக்கத் திருநீறு பூசினது மாதிரி வெளுத்துப் போச்சு. அடித்தது ஜூலை மாசம், வெளியே நல்ல சாரல். டப்பா கெட்டுப்போனதா? மாடலைக் காப்பாற்ற வழி உண்டா?
— ஒரு வாசகர், தென்காசி

டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். சாரலில் அடித்ததுதான் பிழை. மாடலைக் காப்பாற்றிவிடலாம்.

ஸ்பிரே வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது, பூசிய பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதேபோல் குளிர்ந்த அந்தப் பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. அந்த நுண் துளிகள் காயாத வார்னிஷுக்குள் சிக்கி, பிறகு வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத குழிகளை விட்டுவிட்டுப் போகின்றன. அந்தக் குழிகளில் ஒளி சிதறுவதுதான் உங்களுக்கு வெண்மையாகத் தெரிகிறது.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட் வார்னிஷில் பளபளப்பை அடக்குவதற்காக மிக நுண்ணிய சிலிக்கா போன்ற பொடி கலந்திருக்கும். டப்பாவை நன்றாகக் குலுக்காமலோ, ஒரே இடத்தில் தடிமனாகவோ அடித்தால் அந்தப் பொடி தேங்கிவிடும். இரண்டையும் பிரித்தறியலாம். ஈரத்தால் வந்த வெளுப்பு மேகம்போல் பரவலாக இருக்கும். பொடியால் வந்தது பேனல் கோடுகளிலும் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) இறக்கை உடலோடு சேரும் மூலைகளிலும் திட்டுத் திட்டாக நிற்கும். உங்களுடையது இறக்கை முழுக்க என்பதால் ஈரம்தான்.

சரிசெய்ய, முதலில் ஒரு நாள் முழுக்க எதுவும் செய்யாமல் விடுங்கள். பிறகு மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, பளபளப்பான தெளிவார்னிஷை (டாமியா எக்ஸ்-22 போன்றது) நீர்க்கக் கலந்து மெல்லிய இரண்டு பூச்சு கொடுங்கள். அது குழிகளை நிரப்பியதும் வெளுப்பு பெரும்பாலும் காணாமல் போகும். இரண்டு நாள் காயவிட்டு மறுபடி மேட். இதில் போகவில்லை என்றால், அடித்த வார்னிஷ் லாக்கர் (கடுமையான கரைப்பானில் கரைத்த, வேகமாகக் காயும் பூச்சு) வகையாக இருக்கும் பட்சத்தில், மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் ஊதும் பேனா போன்ற கருவி) விட்டு 15 செ.மீ. தள்ளி நின்று பனிபோல் ஒரே ஒரு முறை ஓட்டலாம். மெதுவாக ஆவியாகும் அந்தத் தின்னர் வார்னிஷை லேசாக இளக்கி, சிக்கிய ஈரத்துக்கு வழிவிடும். இறக்கையின் அடிப்பக்கத்தில் முதலில் சோதியுங்கள். அளவு மீறினால் ஒட்டிய சின்னங்கள் சுருங்கிவிடும்.

இனிமேல் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நிறம் பூசலாம், கடைசி வார்னிஷ் மட்டும் வேண்டாம். குற்றாலத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரைதான் நம்பக்கூடிய நேரம். ஸ்பிரே டப்பாவைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் துளிகள் நுண்மையாக வரும். அடுப்பில் காட்டவே கூடாது, வெடித்துவிடும். கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் குழாயில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் இருக்கிறதா, அதில் தேங்கிய தண்ணீரை வடித்தோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சித்திரை, வைகாசியில் இதற்கு நேர் எதிரான தொல்லை வரும். பெயிண்ட் மாடலைச் சேரும் முன்பே காற்றில் உலர்ந்து, ரவை தூவினதுபோல் சொரசொரப்பாகப் படியும். அப்போது நெருங்கி, 5 முதல் 7 செ.மீ. தொலைவில் அடியுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரைப் பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு சேருங்கள். ஊசி முனையில் பெயிண்ட் உறைந்தால் தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அடிக்கடி துடையுங்கள்.

கார் டிங்கரிங் பட்டறையில் இருந்து பிரைமரும் (அடிப்பூச்சு) என்.சி. தின்னரும் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கரைக்கும் திரவம்) வாங்கிவந்து அடித்தேன். இறக்கை உருகி, பேனல் கோடெல்லாம் அழிந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் பம்பருக்கு இதைத்தானே அடிக்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, பம்பர் பிளாஸ்டிக் வேறு, கிட் பிளாஸ்டிக் வேறு. பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வகை. அதை என்.சி. தின்னர் ஒன்றும் செய்யாது. மாடல் கிட் பாலிஸ்டைரீன். என்.சி. தின்னரில் உள்ள டொலுயீன், அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். மாடல் ஒட்டும் சிமென்ட் வேலைசெய்வதும் இதே முறையில்தான், இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்குவது. நீங்கள் இறக்கை முழுக்கப் பசை பூசினதுபோல் ஆகிவிட்டது.

அந்த இறக்கையை ஒரு வாரம் தொடாதீர்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இளகியே இருக்கும். இப்போது தேய்த்தால் பிளாஸ்டிக் உருண்டு உருண்டு வரும். ஒரு வாரம் கழித்து 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துச் சமமாக்கி, பிறகு 800, 1500. அழிந்த கோடுகளைக் கெட்டியான ஒட்டுநாடாவை அளவுகோலாக ஒட்டி, ஊசியால் புதிதாகக் கீற வேண்டும். அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுப்பதே நல்லது. ஒரே அழுத்தாக இழுத்தால் ஊசி வழிமாறும்.

எந்தத் தின்னர் எதோடு என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். டாமியா அக்ரிலிக்கிற்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னர் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். லாக்கர் வகைக்கு மிஸ்டர் கலர் தின்னர். வல்லேஹோ போன்ற நீர் அக்ரிலிக்கிற்கு அதன் சொந்தத் தின்னர் அல்லது சுத்தமான தண்ணீர். இதில் ஆல்கஹாலை ஊற்றினால் பெயிண்ட் ரப்பர்போல் திரளும், ஏர்பிரஷைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். எனாமலுக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் மினரல் டர்பன்டைன். என்.சி. தின்னர் ஏர்பிரஷைக் கழுவ மட்டும் நன்றாக உதவும். எதை வாங்கினாலும், பாகங்களைக் கழற்றிய பிறகு மிஞ்சும் கிட் சட்டத்தில் அடித்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மாடலுக்கு வாருங்கள். சட்டமும் அதே பிளாஸ்டிக்தான்.

கலக்கும் பதம் ஆவின் பால் பதம். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாக வழிந்து இறங்க வேண்டும். டாமியா அக்ரிலிக்கில் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கலாம், வெயில் காலத்தில் ஒன்றுக்கு ஒன்றரை. 0.3 மி.மீ. ஏர்பிரஷ் முனைக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும்.

ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. தூரிகையால் பூசினால் கோடு கோடாகத் தெரிகிறது. என் மகனுக்காக இரண்டு கிட் ஒட்டியிருக்கிறேன். தூரிகையால் சுத்தமாக முடிக்க முடியாதா?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

முடியும் அம்மா. கோடு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. பெயிண்டை டப்பாவில் இருந்து அப்படியே எடுத்துப் பூசுவது, பாதி காய்ந்த இடத்தில் தூரிகையைத் திரும்ப ஓட்டுவது.

தூரிகைக்கு டாமியா அக்ரிலிக் ஏற்றதல்ல. அடுத்த பூச்சு போடும்போது கீழே இருப்பதை இளக்கி உரித்துவிடும். வல்லேஹோ போன்ற நீர் அக்ரிலிக்கை எடுங்கள். பெயிண்ட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. 6 அல்லது 8 எண் தட்டைத் தூரிகை, செயற்கை இழை. இறக்கையில் முன்விளிம்பில் இருந்து பின்விளிம்புக்கு ஒரே திசையில் ஒரு இழுப்பு, அடுத்தது அதன் பக்கத்தில். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பிப் போகாதீர்கள், அடுத்த பூச்சில் அது மூடும். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே பாவமாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது, தேவைப்பட்டால் நான்காவது. நான்கு மெல்லிய பூச்சு சேர்ந்தாலும் ஒரு தடித்த பூச்சைவிட மெலிதாகவே இருக்கும், பேனல் கோடும் மூடாது.

மஞ்சளும் சிவப்பும் எத்தனை பூச்சு போட்டாலும் அடிநிறத்தைக் காட்டும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு போட்டுவிட்டால் இரண்டே பூச்சில் நிற்கும். பூசும் முன் எல்லாப் பாகங்களையும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் இருந்து எடுப்பதற்குத் தடவிய எண்ணெயும் கைப்பிசுக்கும் இருந்தால் நீர் பெயிண்ட் வாழையிலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் உருளும்.

பள்ளிக்கூட ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் கேன்வாஸ் அக்ரிலிக் டியூபுகள் வேண்டாம். அவை கனமானவை, 1/72 அளவில் நுட்பமெல்லாம் மூழ்கிவிடும்.

டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டினால் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுகிறது. காய்ந்த பிறகு சுற்றிலும் வெள்ளைப் புள்ளி வேறு. இரண்டு கிட்டிலும் இதே கதை.
— சங்கரன்கோவில்

இவை இரண்டு தனித்தனித் தவறுகள்.

வெள்ளி மின்னுவது, டிகாலுக்கு அடியில் சிக்கிய காற்று. மேட் பெயிண்ட் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடு பள்ளமானது. மெல்லிய டிகால் படலம் மேடுகளில் மட்டும் உட்கார்ந்து, பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. அதனால்தான் டிகாலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். அது குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும், ஐப்பசி, கார்த்திகை மழையில் 48 மணி. டிகாலை வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து எடுத்துத் துணிமேல் வையுங்கள். தானாக நகரும் வரை பொறுத்திருந்து, ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டிகால் பிடிக்க உதவும் திரவம்) தடவி அதன்மேல் நகர்த்துங்கள். பஞ்சுக் குச்சியை நடுவில் இருந்து ஓரத்துக்கு உருட்டி நீரை வெளியேற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே மைக்ரோ சால் (டிகாலை இளக்கும் திரவம்). அது பட்டதும் டிகால் சுருங்கிக் கோணல்மாணலாகும். பதறிக் கை வைத்தால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் தானாக இறங்கி, பேனல் கோட்டுக்குள்ளும் படியும். ஏற்கெனவே மின்னிவிட்டதைக் கூரான ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி, மேலே மைக்ரோ சால் விட்டால் ஓரளவு சரியாகும்.

வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் போர் தண்ணீரின் உப்பு. துணியில் விழுந்த சொட்டு காய்ந்தாலே வளையம் தெரியும் தண்ணீரில் டிகால் ஊறவைக்கக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கினால் இருபது கிட்டுக்கு வரும். கடையில் ‘பேட்டரி தண்ணி’ என்று தெளிவாகக் கேளுங்கள், பேட்டரி அமிலத்தைத் தந்துவிடப் போகிறார்கள். ஒட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அதே தண்ணீரில் நனைத்த பஞ்சால் சுற்றியுள்ள பசையையும் துடைத்துவிடுங்கள். அந்தப் பசையே பிறகு வார்னிஷுக்குக் கீழே பழுப்புக் கறையாகத் தெரியும்.

இந்திய விமானப் படையின் மிக்-21 கட்டியிருக்கிறேன். பழைய விமானம் மாதிரி தெரிய இறக்கை ஓரங்களில் துரு நிறம் தீட்டினேன். நண்பர்கள் பழைய பஸ் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?
— வள்ளியூர்

துருவில்தான் தப்பு. துரு இரும்புக்கு வருவது. விமானத்தின் தோல் அலுமினியக் கலவை. அது வெயிலிலும் ஈரத்திலும் மங்கிச் சாம்பல் பூக்கும், வெளுத்த பொடி தட்டும், செம்பழுப்பாக ஒருநாளும் மாறாது. அந்த நிறத்தை 1500 எண் தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள், அல்லது மேலே அடிநிறத்தை மறுபடி பூசுங்கள்.

பழசாகக் காட்டும் வேலையில் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுக்க வேண்டும். பெயிண்ட் உதிர்வது மனிதக் கையும் காலும் கருவியும் படும் இடங்களில்: விமானி ஏறும் பக்கம், இறக்கை உடலோடு சேரும் இடம், துப்பாக்கி, எஞ்சின் மூடிகளின் திருகுகளைச் சுற்றி, மணல் வந்து மோதும் முன்விளிம்பு. இறக்கையின் நடுவில் யாரும் போவதில்லை. அங்கே பெயிண்ட் உதிராது, வெயிலில் வெளிறும்.

அந்த இடம் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானங்களில் மாஸ்கிட்டோ மர விமானம், அதன் உடலிலும் இறக்கையிலும் வெள்ளி நிறம் தெரிய வழியே இல்லை. ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது. ஜப்பானிய விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு இல்லாமல் நேரே உலோகத்தில் நிறம் பூசினார்கள், அதனால் தோல் உரிந்ததுபோல் பெயிண்ட் கழன்றது. பிரிட்டிஷ் விமானத்தில் அவ்வளவு காட்டினால் பொய்யாகிவிடும்.

உங்கள் மிக்-21 எந்தக் காலத்தது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். 1963-இல் நம் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது. இத்தனை காலத்தில் பல வேஷம் போட்டிருக்கிறது. தொடக்கத்தில் வெற்று உலோகம். 1971 போரில் பல விமானங்களுக்கு அந்த உலோகத்தின் மேலேயே அவசரமாகப் பச்சையும் மண்ணிறமும் பூசினார்கள். பிற்காலத்தில் சாம்பல் நிறங்கள்.

வெற்று உலோகம் என்றால், பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின் மேல் அல்கிளாட் போன்ற உலோகப் பூச்சை 12 பி.எஸ்.ஐ.யில் மெல்லியதாகப் படியவிடுங்கள். கறுப்பில் ஒரு தூசியோ கீறலோ இருந்தாலும் உலோகத்தில் இரண்டு மடங்காகத் தெரியும், ஆகவே கறுப்பை 2000 எண் தாளால் தேய்த்துவிட்டுப் போகலாம். பிறகு சில பேனல்களை மட்டும் மறைத்து ஒரு படி கருமையான உலோக நிறம். மறைப்பு நாடாவை முதலில் உள்ளங்கையில் நாலு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிடுங்கள். எஞ்சின் புகை வெளியேறும் பின்வாய்ப் பகுதிக்குப் பழுப்பும் நீலமும் மிக நீர்க்க. வானலை புகும் மூக்குக் கூம்பும் சக்கரக் குடங்களும் பச்சை.

1971 கோலம் என்றால் உதிர்ந்த இடத்தில் நேரே வெள்ளி நிறம் தெரியலாம். இதற்கு உலோக அடியின் மேல் ஹேர் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட்டு, மேலே அக்ரிலிக் நிறம் பூசி, ஒரு மணி நேரத்துக்குள் வெந்நீர் தொட்ட பழைய டூத் பிரஷால் லேசாகச் சுரண்டினால் பெயிண்ட் உண்மையாகவே உதிரும். மறுநாளைக்கு வைத்தால் வராது. மேல் நிறம் லாக்கராக இருந்தாலும் வராது. தூத்துக்குடிக் கல்லுப்பை நனைத்த இடத்தில் தூவி, பெயிண்ட் அடித்துத் தட்டிவிடுவதும் ஒரு முறைதான். ஆனால் 1/72-இல் ஒரு மி.மீ. உப்புப் பரல் என்பது 7 செ.மீ. ஓட்டை! இடித்து, சலித்து, தூளை மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு தண்ணீரில் நன்றாக அலசாவிட்டால் மிச்ச உப்பு மழைக்காலத்தில் ஈரம் இழுத்து வார்னிஷைத் தூக்கும்.

சின்னத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். நம் விமானப் படை வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை.

கயத்தாறு பக்கம் எங்களுக்கு. இங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை கிடக்கிறது. அந்த நினைப்பில் ஒரு ஸ்பிட்ஃபயர் எட்டாம் வகையைச் செம்மண் புழுதி படிந்தபடி முடிக்க ஆசை. பக்கத்துத் தேரி மண்ணையே தூவலாமா? நிறமும் சின்னமும் எப்படி இருக்க வேண்டும்?
— கயத்தாறு

நல்ல எண்ணம். மண்ணை மட்டும் தூவாதீர்கள். தேரி மணலின் ஒரு பரல் 0.2 மி.மீ. என்று வைத்தாலும், 1/72-இல் அது 14 மி.மீ. சரளைக்கல். விமானம் ஜல்லிக் கொட்டகையில் நின்றதுபோல் தெரியும்.

நிறத்துக்குக் கோலத்துக்குக் கரையிடும் காவியே போதும். இரும்பு ஆக்சைடு நிறமி என்பதால் மாவுபோல் நுண்மையானது. தனிக் காவி மிகச் சிவப்பு. ஒரு பங்கு காவிக்கு இரண்டு பங்கு சாக்பீஸ் தூள், கால் பங்கு மண்ணிறச் சாஃப்ட் பாஸ்டல் தூள். பாஸ்டலை 400 எண் தாளில் தேய்த்தால் தூள் வரும். மெழுகு கலந்த ஆயில் பாஸ்டல் இதற்கு ஆகாது. எல்லாவற்றையும் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள்.

புழுதி படியும் இடம்: சக்கரம், கால்கள், சக்கரக் குழி, சக்கரத்துக்குப் பின்னால் இறக்கையின் அடிப்பக்கம், மெக்கானிக் மிதிக்கும் இறக்கை வேர் (இறக்கை உடலோடு சேரும் இடம்). மேல்பக்கத்தில் லேசாக. காய்ந்த மென்தூரிகையால் ஒற்றி, காற்று ஓடும் திசையில் பின்னோக்கி இழுங்கள். மேட் வார்னிஷ் போட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். பளபளப்பில் தூள் நிற்காது. மேலே மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதித் தூள் மறைந்துவிடும் என்பதால் சக்கரங்களில் மட்டும் ஒரு சொட்டு டர்பன்டைனால் நிறுத்திவிட்டு, மற்றதைத் தொடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

நிறம்: மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், கீழே சாம்பல். டாமியாவில் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-83 நெருங்கி வரும். நம் வெயிலில் வெளிறியதாகக் காட்ட, பச்சையில் வெள்ளையைக் கலக்காமல் மணல் நிறத்தைப் பத்தில் ஒரு பங்கு கலந்து, பேனல்களின் நடுவில் மட்டும் மிக நீர்க்க ஊதுங்கள். வெள்ளை கலந்தால் பச்சை புதினாச் சட்னி ஆகிவிடும்.

சின்னத்தில் கவனம் வேண்டும். இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களில் வட்டத்தின் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டம் என்று நம்மவர்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. கருநீல வளையமும் நடுவே வெளிர்நீலமும்தான் 1943–45 காலத்துக்குப் பொருத்தம். 1945 தொடக்கத்தில் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகளும் சேர்ந்தன. கிட்டில் சிவப்பு நடுவுள்ள ஐரோப்பியச் சின்னங்கள் மட்டும் இருந்தால் அவற்றின் மேல் நீலம் பூச முயலாமல், வட்டம் வெட்டும் கருவியால் மறைப்பு நாடாவில் வளையம் வெட்டி, நேரே பெயிண்டால் போடுங்கள். முதலில் வெளிர்நீலம், பிறகு கருநீலம்.

இரண்டு இடங்களில் பலரும் தவறுகிறார்கள். ரோட்டால் நிறுவனத்தின் புரொப்பல்லர் பொருத்தியவற்றில் அலகுகள் அழுத்தி ஒட்டிய மரத்தால் ஆனவை, ஆகவே முனையில் வெள்ளி நிறம் தீட்டக் கூடாது. எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகைக்குழாய்) கறையைத் தனிக் கறுப்பில் போடவும் கூடாது. கறுப்பும் செம்பழுப்பும் சமமாகக் கலந்து, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தின்னர், 8 முதல் 10 பி.எஸ்.ஐ., குழாய்களில் இருந்து இறக்கை வேரின் மேல் வழிந்து பின்னோக்கி. இரண்டாவது ஓட்டிலேயே தெரிந்துவிட்டால் பெயிண்ட் கெட்டி. பத்தாவது ஓட்டில் மெல்லத் தெரிந்தால் சரியான பதம். கடைசியில் அதன் நடுவே வெளிர்சாம்பலில் ஒரு மெல்லிய கீற்று ஊதினால் சூடேறி ஓடிய எஞ்சின்போல் இருக்கும்.

பேனல் கோட்டுக்கு வாஷ் (கோடு எடுப்பாகத் தெரிய ஊற்றும் மிக நீர்த்த கரு நிறம்) ஊற்றித் துடைத்தேன். கோட்டோடு பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது.
— சேரன்மகாதேவி

எனாமல் நிறத்தின் மேல் எனாமல் வாஷை இடையில் எதுவும் இல்லாமல் ஊற்றியிருக்கிறீர்கள். துடைத்த டர்பன்டைன் இரண்டையும் கரைத்திருக்கிறது. இடையில் லாக்கர் அல்லது அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் ஒன்று வேண்டும். வாஷை நுண்ணிய தூரிகையால் கோட்டில் தொட்டால் தானே ஓடும். 20 நிமிடம் கழித்து, டர்பன்டைன் தொட்டுத் துணியில் ஒற்றியெடுத்த பஞ்சுக் குச்சியால் காற்று ஓடும் திசையில் துடையுங்கள். சாம்பல் விமானத்துக்குக் கருஞ்சாம்பல், பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் கரும்பழுப்பு. தனிக் கறுப்பு வேண்டவே வேண்டாம், கோலப்புத்தகம்போல் தெரியும். பூச்சில்லாத வெறும் பிளாஸ்டிக்கில் டர்பன்டைன் தேங்கினால் ஒட்டிய மூட்டுகள் நாலைந்து நாளில் விரிசல் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காக்பிட் கண்ணாடியை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன், பனி படிந்தது மாதிரி ஆகிவிட்டது.
— நாங்குநேரி

அதன் ஆவிதான் படிந்திருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் 3000 எண் தாளும் பாலிஷும் போக்கிவிடும். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் துடைக்க வேண்டும். கண்ணாடிக்கு ஃபெவிகாலே போதும். வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைக்கலாம்.

பழைய கிட். டிகால் தாள் மஞ்சளாகிவிட்டது.
— தூத்துக்குடி

ஜிப் உறையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு நாலைந்து நாளில் வெளுக்கும், தினமும் பாருங்கள். ஒட்டும் முன் தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை நீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுக்கத் தெளிவார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டி ஒட்ட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் படிக்கிற மகன் மாடியறையில் கதவை மூடிக்கொண்டு ஸ்பிரே அடிக்கிறான். வாசனை கீழ்வரை வருகிறது. கெடுதல் உண்டா?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

உண்டு. கதவை மூடி அடிக்கவே கூடாது. ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, காற்று அறைக்குள் இருந்து வெளியே போகும்படி அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணி மாஸ்க் துகளைக்கூடச் சரியாகத் தடுக்காது, ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடிதான் வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் பெயிண்டர்களுக்கென்றே கிடைக்கிறது. வாசனை மூக்குக்கு எட்டத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். லாக்கரும் ஸ்பிரே டப்பாவும் எளிதில் தீப்பிடிப்பவை, ஆகவே அதே தளத்தில் அடுப்போ, கொசுவத்தியோ, பூஜை விளக்கோ எரியக் கூடாது. மகனை இப்போதைக்கு நீர் அக்ரிலிக்கும் தூரிகையும் பழகச் சொல்லுங்கள், மேலே கல்லிடைக்குறிச்சிக்குத் தந்த பதிலில் முறை இருக்கிறது. ஸ்பிரே வேலை இருக்கும் நாளில் மொட்டைமாடி நிழல், காற்று அடங்கிய காலை நேரம், ஒரு அட்டைப்பெட்டி மறைவு, அந்த முகமூடி இருந்தால் போதும்.